எண்ணூறு மீட்டரில் ஒரு வரப்பு

அந்த யோசனை எனக்கு வந்த இடம் ஒரு குழாயடி. திண்டிவனத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் மண்டலப் போட்டி முடிந்திருந்தது. அமலா குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தன் கால் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எண்ணூறு மீட்டரில் நான்காவதாக வந்திருந்தாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்ன சங்கடம் என்றால், அவள் ஓடியது எண்ணூறு மீட்டர் இல்லை, அதைவிடக் கூடுதல்.

இந்த ஓட்டத்தை மைதானத்தில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணூறு மீட்டரில் எட்டுப் பேரும் அவரவர் தடத்தில் புறப்படுவார்கள். முதல் வளைவு முடிகிற இடத்தில் தரையில் குறுக்காக ஒரு கோடு, ஓரத்தில் ஒரு கொடி. அதைத் தாண்டிவிட்டால் தடக் கட்டுப்பாடு கிடையாது. எல்லாரும் சரசரவென்று உள்பக்கம் சாய்ந்து முதல் தடத்துக்கு வந்துவிடுவார்கள். அதுதான் குறைந்த தூரம். அமலா மட்டும் வரவில்லை. ஏழாம் தடத்தில் புறப்பட்டவள், இரண்டு சுற்றையும் ஏழாம் தடத்திலேயே ஓடி முடித்தாள். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிவைத்தாற்போல.

பயிற்சியில் ஒழுங்காக உள்ளே வந்துகொண்டிருந்தவள்தான். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"தெரியலக்கா. தாண்டலாம்னு தெரியுது. கால் போவல."

"ஏன் போவல?"

குழாயை மூடினாள். "வரப்பு மாரி இருந்துச்சுக்கா பக்கத்துத் தடத்து வெள்ளக் கோடு. அந்தப் பக்கம் பாத்தி. மிதிச்சா மேஸ்திரி கத்துவாருல்ல."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். மரக்காணம் உப்பளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவள். நடக்கத் தெரிந்த நாள் முதல் வரப்பின் மேல் மட்டும் நடந்தவள். உப்பு பூத்து வருகிற பாத்தியில் சேற்றுக்கால் பட்டால் உப்பு கறுத்துவிடும் என்று ஏச்சு வாங்கி வாங்கிப் பழகிய கால் அது. பயம் தலைக்கு ஏறியதும் ஒரு வருஷமாக நாங்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் உதிர்ந்துபோய், கால் தனக்கு முதலில் தெரிந்ததற்கே திரும்பிவிட்டது. பயத்தை எல்லாரும் நெஞ்சில் தேடிக்கொண்டிருக்கிறோம், அது காலில் அல்லவா இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

நான் ஓய்வு பெற்றவள். முப்பது வயதில் இப்படிச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பெண்களுக்கான ஓட்டப் பயிற்சி மையம் ஒன்றில் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். முழங்கால் சவ்வு கிழிந்தது, அறுவை முடிந்தது, இனி பிள்ளைகளோடு சேர்ந்து ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஓடாத உதவிப் பயிற்சியாளர் விசில் ஊதும் கம்பம். விலகிவிட்டேன். இப்போது என் இடத்தில் இருக்கிற இரண்டு பெண்கள் போன வாரம் போன் செய்தார்கள். மையத்தில் புதிதாக ஒரு ஆப் போட்டிருக்கிறார்களாம். போட்டிக்கு முன்னால் காதில் மாட்டிக்கொண்டு படுத்தால் ஒரு குரல் வரும்: கண்களை மூடுங்கள், அமைதியான கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மீனவக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்குக் கடற்கரை என்பது, போன படகு இன்னும் திரும்பவில்லையே என்று நின்றுகொண்டிருக்கிற இடம். இரண்டு பேர் அழுதுவிட்டார்களாம். "அக்கா, நீங்க அமலாவுக்கு என்னமோ பண்ணீங்களே, அத எழுதிக் குடுங்க" என்றார்கள். அதற்காகத்தான் இது.

என் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நானும் எண்ணூறு மீட்டர்தான் ஓடினேன். பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போய் அங்கேயே நின்றுவிட்டேன். ஓடும்போது பயம் இருந்ததில்லை, அதற்கு முன்னால்தான் எல்லாம். சித்திரை வெயிலில் விரல்கள் ஐஸாக இருக்கும். கழிப்பறை வரிசையில் நின்று, முறை வந்து, போய்விட்டு வந்து, மறுபடி அதே வரிசையின் கடைசியில் நிற்பேன். நெஞ்சில் குத்தியிருக்கும் எண்ணை யாராவது கேட்டால் குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். மைதானத்தின் ஓரத்தில் வாந்தியெடுத்துவிட்டு, பார்த்தவர்களிடம் இட்லி சரியில்லை என்பேன். எத்தனை ஊர் இட்லியின் மேல் பழி போட்டிருப்பேனோ.

அப்புறம் வேலை. அங்கே என் மேலதிகாரி லூர்து மேடம்.

லூர்து மேடம் ஒரு காலத்தில் தடை தாண்டும் ஓட்டக்காரர். உயரம், ஒட்ட வெட்டிய முடி, கழுத்தில் எப்போதும் இரண்டு விசில். ஒன்று தொலைந்தால் இன்னொன்று. பயப்படாதே என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. யாராவது பெற்றோர் தன் பெண்ணிடம் அப்படிச் சொன்னால், "அத சொல்லாதீங்கம்மா, இருக்குதுன்னு ஞாபகப்படுத்தறீங்க" என்பார். பயத்தைப் பற்றிப் பேசவே கூடாது, பேசினால் அது பெருக்கும் என்பது அவருடைய கட்சி. அதற்குப் பதில் வேலை கொடுப்பார். ஒருத்தியை எல்லாருடைய ஷூ லேஸையும் பார்க்கச் சொல்வார். இன்னொருத்தியைக் கைக்குட்டைகளைப் பிழிந்து உலர்த்தச் சொல்வார். ஓடப் போகிறவளின் கூந்தலைத் தானே வாரி, நெற்றித் தோல் இழுபடுகிற அளவுக்கு இறுக்கிக் கட்டிவிடுவார். ஆனால் துப்பாக்கி வெடித்ததும் தடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். ஒரு ஓட்டத்தையும் பார்க்க மாட்டார். கூட்டத்தின் சத்தத்தையும் காலடிகளையும் கேட்டே யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வார். அனேகமாகச் சரியாக இருக்கும். ஏன் பார்ப்பதில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "பாத்தா நான் ஓடிடுவேன்" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போட்டிக்கு முந்தின நேரம் எப்படி இருக்கும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. ஓடப் போகிறவர்களை ஒரு கூடாரத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் அது ஒரு ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். உள்ளே போனால் போன் கிடையாது, பயிற்சியாளர் கிடையாது. பெயர் கூப்பிடுவார்கள், எண்ணைச் சரிபார்ப்பார்கள், ஷூவின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்வார்கள். அப்புறம் காத்திருப்பு. முந்தின போட்டி முடியவில்லை, மைக் வேலை செய்யவில்லை, விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவளின் தொடை இரும்பு மாதிரி தெரியும். நம்முடையது பஞ்சு மாதிரி. கூடாரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நாம் பார்க்கலாம், பேச முடியாது. பிள்ளையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாருடைய முகமோ ஆகிக்கொண்டிருக்கும். ஆறு வருஷ வேலையில் நான் அதிகம் பயந்தது இந்தக் கயிற்றோரத்தில்தான்.

அமலாவுக்கு வருவோம். அடுத்த வருஷத் தேர்வுப் போட்டியில் முதல் இரண்டு இடத்தில் வந்தால் சென்னைக் கல்லூரி ஒன்றில் விடுதியோடு இடம் கிடைக்கும். பள்ளிப் படிப்பு முடிகிற வருஷம், இன்னொரு தடவை ஓட முடியாது. கிடைக்காவிட்டால், எங்கள் சாலையில் விடியற்காலை வந்து பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி வேன். அவள் அம்மா வேன்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. "மழை ஆரம்பிச்சா உப்பளத்துல வேல கெடையாது ரேவதி. இவளும் ஒக்காந்தா எப்பிடி?" என்றார் என்னிடம்.

குழாயடியில் தோன்றியதை நான் மேடத்திடம் சொன்னேன். பயத்தை மறக்கவைக்க வேண்டாம் மேடம், அதையே ஒத்திகை பார்ப்போம், எந்தச் சத்தத்துக்குக் கால் நிற்கிறதோ அந்தச் சத்தத்திலேயே தாண்டப் பழக்குவோம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் எதிரே இருப்பவர் மூச்சுவிட இடம் இருக்காது. மேடம் இரண்டு விசிலையும் விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். "பேசிப் பேசி நீ அத ஊதிப் பெருசாக்கற. அவ இப்ப போட்டியன்னிக்கு மட்டும்தான் பயப்படறா. நீ பயிற்சிக்கும் அத கூட்டியாந்து விட்டுடுவ." அவர் சொன்னபடியே நடந்துவிட்டால் என்ற பயம் அன்று ஒட்டிக்கொண்டது, கடைசி வரை விடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அமலாவின் பெற்றோர் வேலை செய்யும் உப்பளத்தின் மேஸ்திரி ஏழுமலை. ஒல்லி மனிதர், குரல் மட்டும் லாரி ஹார்ன். ஒரு பாத்தியின் மூலையில் நின்று கத்தினால் நான்கு பாத்தி தள்ளி வேலை நிற்கும். அவரிடம் போய், நாங்கள் பயிற்சி செய்யும் பள்ளி மைதானத்துக்கு வந்து ஒரு பெண்ணைத் திட்ட வேண்டும் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க கத்தறதுக்கே கொடுமக்காரன்னு பேரு வாங்கிட்டேன். அங்க வேற வந்து கத்தணுமா?"

"அவ நல்லதுக்குத்தான் மேஸ்திரி."

"நல்லதுக்குன்னு சொல்லி யாரையும் நான் கத்தினதில்லம்மா. உப்புக்குத்தான் கத்துவேன்."

வந்தார். வெள்ளை வேட்டி, சவரம் செய்த முகம். கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி மைதானத்தின் ஓரத்தில் கூசி நின்றார். எங்கள் மைதானத்தில் போடுகிற சுண்ணாம்புக் கோடு கடல் காற்றில் நிற்காது, பாதி நாள் கோடே இல்லாமல்தான் பயிற்சி நடக்கும். அமலாவின் கோளாறு அத்தனை நாள் எங்கள் கண்ணில் படாததற்குக் காரணமும் அதுதான். அன்று தடங்களுக்கு நடுவே பட்டையாகக் கோடு இழுத்தேன். அமலா ஓடிவந்தாள், கோட்டை நெருங்கினாள். மேஸ்திரி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. "பாத்தி இல்லாம வரமாட்டேங்குது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கடைசியில் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து உள்தடத்தில் ஊற்றிச் சேறாக்கினோம். சேற்றைப் பார்த்ததும் மனிதருக்கு வந்துவிட்டது.

"ஏய், பாத்தில மிதிக்கிற பாரு!"

அமலா அறைந்தாற்போல் நின்றாள். அவள் மட்டுமா, அந்தப் பக்கம் கயிறு தாண்டிக்கொண்டிருந்த உப்பளத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்கள். நான்கூட ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் உப்பளம் போனதில்லை, எனக்கு எதற்கு அந்தப் பயம்? அவ்வளவு வலுவான சத்தம் அது. அமலாவின் உதடு வெளுத்திருந்தது. மேடம் சொன்னது சரிதான், நான் ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இன்னொரு வாட்டிக்கா" என்றாள் அமலா.

மழைக்காலம் முழுக்க, உப்பளத்தில் வேலை இல்லாத அந்த மாதங்களில், மேஸ்திரி ஞாயிறுதோறும் வந்தார். முதலில் நின்றாள். அப்புறம் தயங்கிக்கொண்டே தாண்டினாள். பிறகு சத்தம் வரும்போதே தாண்டினாள். வெறும் ஓட்டம் மட்டும் இல்லை. ஓடுவதற்கு முன் பள்ளியின் சமையல் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பேன், போனை வாங்கிவிடுவேன், எப்போது கூப்பிடுவேன் என்று சொல்ல மாட்டேன். பொறுமை கெட்டு அழுகிற நிலை வரும்போது கூப்பிடுவேன். மற்ற பிள்ளைகள் என்னை ஜெயிலர் என்றார்கள். மேஸ்திரிக்கும் ருசி கண்டுவிட்டது. "கை வீசறது பத்தலம்மா" என்று பயிற்சி சொல்ல ஆரம்பித்தார். மேடம் அன்று மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

தேர்வுப் போட்டி விழுப்புரத்தில். காலையில் மழை, தடத்தில் தண்ணீர், எல்லாம் தள்ளிப்போனது. அமலாவைக் கூடாரத்துக்குள் அனுப்பி வெகுநேரம் ஆகியும் கூப்பிடவில்லை. நான் கயிற்றோரம் நின்றேன். முதலில் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அப்புறம் கையாட்டவில்லை. அப்புறம் பார்க்கவும் இல்லை. தரையையே பார்த்தாள். சமையல் கூடத்து ஒத்திகையெல்லாம் எவ்வளவு பொம்மை விளையாட்டு என்று எனக்குப் புரிந்தது. அங்கே தோற்றால் மறுபடி ஓடலாம். இங்கே வெளியே வேன் நிற்கிறது. கழிப்பறைக்குப் போனால் அதற்குள் கூப்பிட்டுவிடுவார்களோ என்று போகவும் முடியவில்லை.

கூப்பிட்டார்கள். மறுபடியும் ஏழாம் தடம்.

மேடம் முதுகைத் திருப்பிக்கொண்டார். துப்பாக்கி. முதல் வளைவில் நன்றாகத்தான் வந்தாள், தோள் தளர்வாக, அளவான எட்டு. கொடி வந்தது. கோட்டைத் தாண்டினார்கள். மற்ற ஏழு பேரும் உள்ளே சாய்ந்தார்கள். அமலா நேராகப் போனாள். ஏழாம் தடத்தில், தன்னந்தனியாக.

கத்தியிருக்கலாம், கத்தவில்லை. மேடம் திரும்பாமலே, "உள்ள வந்துட்டாளா?" என்று கேட்டார். "இல்ல மேடம்" என்றேன். அவருடைய தோள் இறுகியதைப் பார்த்தேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தடத்தின் நடுவிலிருந்து, ஒரு பெண் குரலில்.

"ஏய், பாத்தில மிதிக்கிற பாரு!"

கத்தியவள் அமலா. கத்திக்கொண்டே உள்ளே வந்தாள். ஒரு எட்டில் ஒரு கோடு, அடுத்த எட்டில் இன்னொன்று, வரப்பு வரப்பாக மிதித்துக்கொண்டு முதல் தடத்துக்கு வந்து, கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டாள். பார்வையாளர் பக்கம் யாரோ சிரித்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகு மேடம் சொன்னார், பார்க்காமலே எப்படித் தெரிந்ததோ. இரண்டாம் சுற்றில் ஒவ்வொருத்தியாகப் பின்தள்ளினாள். கடைசி நேர்கோட்டில் மூன்றாவதாக இருந்தவள், முடிவுக் கோட்டில் நெஞ்சை முன்னே தள்ளி இரண்டாவதாக விழுந்தாள். விழுந்தாள் என்றால் நிஜமாகவே விழுந்தாள்.

முடிந்ததென்று நினைத்தால், இல்லை. மூன்றாவதாக வந்த பெண்ணின் பயிற்சியாளர் ஆட்சேபம் கொடுத்தார். இவள் கத்தியதில் தன் பிள்ளை தடுமாறிவிட்டதாகவும், வேண்டுமென்றே செய்த இடைஞ்சல் என்றும் சொன்னார். அமலாவை நடுவர் மேசைக்குக் கூப்பிட்டார்கள். முழங்கையில் ரத்தத்தோடு போய் நின்றாள். பக்கத்தில் நான். ஓட்டத்துக்கு முன்னால் இருந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை. வாங்கிய இடத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்கிற பயம் தனி ஜாதி.

தலைமை நடுவர் வயதானவர், தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்டார். "யாரப் பாத்தும்மா கத்தின?"

"என்னையத்தான் சார்."

"உன்னையே நீ எதுக்குக் கத்தின?"

"கத்தினாதான் சார் கால் வரும்."

அவர் என்னைப் பார்த்தார். உப்பளம், வரப்பு, மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. யாரோ ஒரு பெற்றோர் செல்போனில் எடுத்திருந்த படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அவள் கத்தியபோது அந்தப் பெண் வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். தடுமாறவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நடுவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "முடிவுல மாத்தம் இல்ல" என்றார். அப்புறம் அமலாவிடம் மட்டும், "அடுத்த தடவ மெதுவா கத்து" என்றார்.

மேஸ்திரியிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "என் கொரல் மாரியே இருந்துச்சா?"

அமலா இப்போது சென்னையில் படிக்கிறாள். பயம் போய்விட்டதா என்று யாரும் கேட்க வேண்டாம், போகவில்லை. போட்டிக்கு முந்தின நாள் இன்னும் சாப்பாடு இறங்குவதில்லையாம். "இப்பவும் கத்தறியா?" என்று கேட்டேன். "வாய்க்குள்ளக்கா" என்றாள். மேடம் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை என்று இப்போது நினைக்கிறேன். பேசிப் பெருக்குகிற பயமும் உண்டு. எது எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எனக்கு வழி தெரியாது. ஆகவே எழுதித் தரச் சொன்ன தங்கைகளே, இதில் எல்லாருக்கும் பொருந்துகிற மருந்து கிடையாது. மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லாரையும் திட்டச் சொல்லிவிடாதீர்கள்.

என்னிடம் இப்போது வேலை இல்லை, ஆனால் மையத்தில் ஓடுகிற, அனுமந்தை குப்பத்துச் சத்யா இருக்கிறாள். நல்ல கால். அப்பா பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். பயிற்சி முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பவள், போட்டியன்று கூடார வாசலில் முகம் செத்துப்போய் நிற்கிறாள். மூன்று போட்டியில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது நடப்பது, வாசலில் இருக்கிற அதிகாரி, "எங்கம்மா போற, எந்த ஈவென்ட்டு?" என்று கேட்கிற நேரத்தில். அவள் அம்மாவிடம் பேசியபோதுதான் விளங்கியது. அவர்கள் வீட்டில் கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் போன காரியம் விளங்காது. கடலுக்குக் கிளம்புகிறவரைக் கேட்பது அதைவிடப் பெரிய குற்றம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சத்யா தன் வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்து போவாள். தெரு நெடுக எங்கள் பிள்ளைகள் நிற்பார்கள். ஒவ்வொருத்தியும், எங்க போற சத்யா என்று கேட்பாள். எண்ணூறு மீட்டர் என்று பதில் சொல்லிவிட்டு அவள் நிற்காமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்: "அவங்கப்பா கடலுக்குப் போவாத நாளாப் பாத்து வெச்சுக்கம்மா." ஞாயிறு அவர் கரையில் இருக்கிறார், கேட்டுவிட்டேன்.

முதல் கேள்வி என்னுடையது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது எதிரே நின்று கேட்க வேண்டும். இரண்டு நாளாக வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டிலும் கிளம்புகிறவர்களை அப்படிக் கேட்டதில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னால்கூட, "எங்க" வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் நாக்கு எழவில்லை.